ஈறுக்குள் ஓர் எலும்பு

வாய்க்குள் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை எவருடைய வாழ்க்கையையும் மாற்றிவிடுவதில்லை. கன்னத்தின் உட்புறத்தில், மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் சேரும் கோட்டையொட்டி, மிளகளவில் ஒரு திரட்சி. கடித்துக் கடித்தே வளர்ந்தது. கீழுதட்டின் உள்ளே நீலம் பாய்ந்த சிறு கொப்புளம். உடைந்தால் பிசுபிசுப்பாக நீர் வரும், சில நாட்களில் மறுபடி நிரம்பிக்கொள்ளும். கர்ப்பிணிகளின் ஈறில் திடீரென்று தோன்றி, பிரஷ் பட்டாலே இரத்தம் கசியும் சிவந்த மொட்டு. பொருந்தாத பல்செட்டின் விளிம்பில் மடிப்பு மடிப்பாகத் தடித்துக்கொள்ளும் சதை. பல் மருத்துவர்கள் இவற்றை நாள்தோறும் பார்க்கிறார்கள். மரத்துப்போக ஊசி, சின்னதாக ஒரு வெட்டு, இரண்டு தையல். வந்தவர் கன்னத்தில் கைவைத்தபடி வீடு திரும்புகிறார்.

வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் அந்தக் கட்டிகளோடு எனக்கு உறவு தொடங்குகிறது. வாய்நோய்க்கூறியல் என்ற துறையில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். பல் மருத்துவம் படித்தவர்களில் மிகச் சிலரே தேர்ந்தெடுக்கும் துறை இது. எங்களுக்கு நோயாளிகளின் முகம் தெரியாது. ஃபார்மலின் நிரப்பிய சிறு குப்பிகளும் அவற்றோடு நூலால் கட்டிய படிவங்களும்தான் எங்களிடம் வருகின்றன. திசு ஓரிரவு ஃபார்மலினில் கிடந்து இறுகும். பிறகு ஆல்கஹாலில் நீர் நீக்கி, உருக்கிய பாரஃபின் மெழுகில் பதித்து, நான்கைந்து மைக்ரான் கனத்தில் சீவி எடுப்போம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சீவலைக் கண்ணாடிச் சில்லில் ஏற்றி இரண்டு சாயங்களில் தோய்த்தால், செல்களின் உட்கருக்கள் நீலமாகவும் மற்றவை பல்வேறு இளஞ்சிவப்புகளாகவும் துலங்கும். அந்த நீலத்துக்கும் சிவப்புக்கும் இடையில்தான் எங்கள் பகற்பொழுதுகள் கழிகின்றன.

பெரும்பாலான குப்பிகளில் எதிர்பாராதது எதுவும் இருப்பதில்லை. கன்னத்துத் திரட்சியில் கொலாஜன் நார்கள் பாயின் கோரைபோல நெருங்கிக் கிடக்கும். உதட்டுக் கொப்புளத்தில், கிழிந்த உமிழ்நீர்க் குழாயிலிருந்து கசிந்து தேங்கிய சளியும் அதை அள்ளி விழுங்கி நுரைத்துப்போன செல்களும் இருக்கும். கர்ப்பிணியின் ஈறு மொட்டில் புதிது புதிதாகக் கிளைத்த இரத்த நுண்குழாய்கள் நிறைந்திருக்கும். இந்தக் கடைசிக் கட்டிக்கு பயோஜெனிக் கிரானுலோமா என்று பெயர். சீழ் உண்டாக்கும் கிரானுலோமா என்பது பொருள். சீழும் கிடையாது, அது கிரானுலோமாவும் கிடையாது. 1897இல் போன்செ, டோர் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் மனிதரிடம் இதை விவரித்தபோது, குதிரைகளுக்கு வரும் ஒரு தொற்று என்று எண்ணினார்கள். 1904இல் ஹார்ட்ஸெல் இன்றைய பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தவறான பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும், மாற்ற எவருக்கும் மனமில்லை. மருத்துவத்திலும் ஊர்ப்பெயர்களைப் போலத்தான் பெயர்கள் நிலைத்துவிடுகின்றன.

அப்படியான ஒரு வழக்கமான நாளில், வழக்கமான கட்டி ஒன்றின் நடுவில், இருக்கக்கூடாத ஒன்றைக் காண நேரும்.

*

ஈறிலிருந்து எடுத்த சிறு கட்டியை வெட்டும்போது கத்தி நறநறக்கும். மென்சதையில் கத்தி அப்படிப் பேசாது. கண்ணாடிச் சில்லில் பார்த்தால், நார்த்திசுவின் நடுவே முறையாகக் கட்டிய எலும்பு இருக்கும். அதைச் சுற்றி வரிசையில் நின்று எலும்பு கட்டும் செல்களும் தெரியும். தாடை எலும்போடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சதைக்குள் தன்னந்தனியாக முளைத்த எலும்பு அது. ஈறில் இது அரிதன்று. இதற்கெனத் தனிப் பெயரும் உண்டு. பல்லைத் தாடையோடு பிணைக்கும் மெல்லிய நாரில் உள்ள செல்களுக்கு எலும்பையும் பல்வேர்ப் பூச்சையும் உண்டாக்கும் திறன் இயல்பாகவே இருக்கிறது. உறுத்தலுக்கு ஆளான நிலையில் அவை அந்தப் பழைய திறனை எடுத்துக் கையாள்கின்றன என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். அடியோடு சுரண்டி எடுக்காவிட்டால் இக்கட்டி மறுபடி வரக்கூடியது.

இதைவிட வியப்பானது குருத்தெலும்பு. பல ஆண்டுகள் பல்செட்டு அணிந்த முதியவர்களின் தாடை மேட்டில், பல்செட்டு ஆடி ஆடி அழுத்திய இடத்தில் தடித்த சதையை எடுத்துப் பார்க்கும்போது சிலசமயம் அதற்குள் குருத்தெலும்புத் தீவுகள் தென்படும். காதுமடலுக்குள் இருப்பது போன்ற அதே நீலச்சாம்பல் களிம்பும், அதில் சிறு குழிகளுக்குள் அமர்ந்த செல்களும் இருக்கும். 1972இல் கட்ரைட் என்பவர் இந்த மாற்றத்தை விவரித்து எழுதியதால் சில பாடநூல்களில் இது அவர் பெயராலேயே வழங்குகிறது.

ஒரு முதிர்ந்த திசு இன்னொரு முதிர்ந்த திசுவாக மாறுவதை மெட்டாப்ளேசியா என்கிறோம். தமிழில் திசுமாற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சொல்லை நோய்க்கூறியலில் ஊன்றி நிறுத்தியவர் ருடால்ஃப் விர்ஹோ. எல்லா செல்களும் முன்பிருந்த செல்களிலிருந்தே வருகின்றன என்ற கருத்தை மருத்துவத்தின் அடித்தளமாக்கியவரும் அவர்தான். நான் மாணவர்களுக்கு இதை விளக்கும்போது கொங்கு நாட்டுத் தறிகளைச் சொல்வேன். பரம்பரையாக நெய்து வந்த ஊரில் தறி நின்றுபோனால் நெசவாளி என்ன செய்வான்? கொத்தனாருக்குச் சித்தாளாகப் போவான், சாயப்பட்டறைக்குப் போவான், டீக்கடை வைப்பான். ஆள் அவனேதான், நெருக்கடி தொழிலை மாற்றிவிட்டது. செல்லும் அப்படித்தான். நார் நூற்றுக்கொண்டிருந்தது, இடைவிடாத அழுத்தத்தில் எலும்பு கட்டத் தொடங்குகிறது. இன்னும் துல்லியமாகச் சொன்னால், முதிர்ந்த செல் சட்டையைக் கழற்றி மாட்டுவதில்லை. இன்னது ஆவது என்று தீர்மானமாகாமல் திசுவுக்குள் காத்திருக்கும் இளம் செல்கள் வேறு வழியில் முதிர்கின்றன. எல்லா செல்களிலும் எல்லா நிரல்களும் எழுதப்பட்டிருக்கின்றன. எது வாசிக்கப்படுகிறது என்பதை இடமும் சூழலும் முடிவு செய்கின்றன. கன்னத்துச் செல்லுக்கும் தொடையெலும்புச் செல்லுக்கும் கையில் இருப்பது ஒரே சுவடிக்கட்டு.

இத்தகைய மாற்றங்கள் பலவிதம். பல்லின் வேர்நுனியில் வரும் நீர்க்கட்டி தாடைகளில் மிகச் சாதாரணமானது. பல்வேர் உருவாகி முடிந்தபின் மிச்சமாகக் கிடக்கும், மலாசே என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரைத் தாங்கிய செல்கூட்டங்களிலிருந்து அது பிறக்கிறது. அதன் உட்பூச்சு செதில்போலத் தட்டையான செல்களால் ஆனதாக இருக்க வேண்டும். ஆனால் சிலவற்றில் சளி சுரக்கும் செல்களும், மூச்சுக்குழலில் இருப்பதுபோல நுண்மயிர் அசைக்கும் செல்களும் இருக்கும். மேல்தாடையானால் அருகிலுள்ள சைனஸிலிருந்து வந்திருக்கலாம் என்று சமாதானம் சொல்லலாம். மூக்குக்கும் சைனஸுக்கும் எட்டாத கீழ்த்தாடையிலும் அவை இருப்பதுதான் வியப்பு. அதே நீர்க்கட்டியின் பூச்சுக்குள் கொண்டையூசி வடிவில் வளைந்த இளஞ்சிவப்புத் துணுக்குகளை 1955இல் ரஷ்டன் விவரித்தார். அவை பல் உண்டாக்கும் செல்களின் சுரப்பா, உறைந்த இரத்தத்தின் மிச்சமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

உதட்டுச் சளிக்கொப்புளத்திலும் இப்படி ஒரு விசித்திரம் உண்டு. சளி தேங்கிய குழியின் சுவர் சிலசமயம் சின்னச் சின்ன விரல்களாக நீண்டு, முழங்கால் மூட்டின் உட்சவ்வைப் போலவே தோற்றம் கொள்ளும். அமெரிக்காவில் 1,824 சளிக்கொப்புளங்களை ஆராய்ந்து 2011இல் வெளியான கட்டுரையில் இந்த அரிய வகையும் இடம்பெற்றிருந்தது. உதட்டுக்குள் மூட்டு ஏன் வரவேண்டும்? அசையும் இரு பரப்புகளுக்கு நடுவே வழவழப்பான திரவம் தேங்கினால், உடல் தனக்குத் தெரிந்த ஒரு பழைய விடையை அங்கும் எழுதிவிடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இம்மாற்றங்களால் நோயாளிக்கு ஒரு தீங்கும் இல்லை. கட்டியை எடுத்தாயிற்று, கதை முடிந்தது. நாங்கள் மட்டும் சக ஊழியரைக் கூப்பிட்டு நுண்ணோக்கியைக் காட்டி மகிழ்ந்துகொள்வோம்.

*

எனக்கு மிக நெருங்கியவரின் வாயிலிருந்து அப்படி ஒரு வியப்பு வந்ததையும் சொல்ல வேண்டும்.

என் அம்மாவுக்கு எழுபத்தோராம் வயதில் கீழ்த்தாடையின் பின்பகுதியில், பல்செட்டுக்கு அடியில், ஒரு வீக்கம் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக அணிந்து தேய்ந்த பல்செட்டு. வலி பெரிதாக இல்லை, கரைவதாகவும் இல்லை. அம்மாவுக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டு. புகையிலை சேர்ப்பதில்லை என்றாலும் பாக்கே போதும் என்பது எனக்குத் தெரியும். பாக்கு புற்றுநோயூட்டி என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2004இல் அறிவித்திருக்கிறது. கட்டியை எடுத்தார்கள். அந்தக் குப்பியை நான் திறக்கவில்லை. பெயரை எழுதாமல் எண் மட்டும் ஒட்டி, எனக்குப் பாடம் சொன்ன மூத்த பேராசிரியரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இருபதாயிரம் கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்த கண்ணுக்கும் அந்த ஒரு சில்லைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

மூன்றாம் நாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் சிரிப்பு இருந்தது. "யாரும்மா இது? நல்லா சாம்பார் சாப்பிட்டவங்க போலிருக்கே" என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். நாட்பட்ட அழற்சிக்கு நடுவே, வளையல் துண்டுகளைக் கொட்டிவைத்ததுபோல இளஞ்சிவப்பு வளையங்கள். அவற்றை வளைத்துக்கொண்டு, பல உட்கருக்களை உடைய பெருஞ்செல்கள். பருப்புக் கிரானுலோமா என்பது இதன் பெயர். 1971இல் லூவர்ஸ் என்பவர் பல்செட்டுக்கு அடியில் வரும் இப்படியான புண்களைப் பற்றி எழுதினார். 1977இல் டன்லப், பார்க்கர் என்ற இருவர் இவ்வளையங்களைச் சிதைந்த இரத்தக்குழாய்ச் சுவர்கள் என்று கருதி வேறு பெயர் சூட்டினார்கள். அடுத்த ஆண்டு கிங் என்பவர் இவை பயறு, பருப்பு வகைகளின் துணுக்குகள் என்று எழுதினார். வெந்த பருப்பின் துகள், பல் எடுத்த குழி வழியாகவோ பல்செட்டு அழுத்திய புண் வழியாகவோ சதைக்குள் புகுந்துவிடுகிறது. மாவுச்சத்தை உடல் செரித்துவிடும். தாவரச் செல்லின் சுவரான செல்லுலோஸைச் செரிக்க மனித உடலால் ஆகாது. ஆகவே சுற்றி வேலி கட்டுகிறது. அந்த வேலிதான் கட்டி. இன்று பலரும் ஏற்பது இந்தத் தாவர விளக்கத்தையே.

அம்மாவிடம் சொன்னேன். "வயித்துக்குப் போகவேண்டியது வழியில தங்கிடுச்சாக்கும்" என்றார். பிறகு, "நீ எதுக்குடி மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தே?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கண்ணாடிச் சில்லுக்கு மறுபக்கத்தில் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை அந்த மூன்று நாட்களில்தான் அறிந்தேன். துறை நூல்கள் எதிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

*

இதுவரை சொன்ன மாற்றங்கள் விசித்திரமானவை, ஆனால் யாரையும் ஏமாற்றாதவை. வேறொரு வகை உண்டு. தீங்கற்ற கட்டியின் திசு, புற்றுநோயின் முகத்தை அச்சு அசலாக அணிந்துகொண்டு வரும் வகை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

1924 ஜனவரியில் லெனினின் உடலை அறுத்துச் சோதித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அலெக்ஸி அப்ரிகோசோவ் என்ற மாஸ்கோ நோய்க்கூறியலாளர். 2003இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற அப்ரிகோசோவ் அவருடைய மகன். தந்தை 1926இல் ஒரு கட்டியை விவரித்தார். நாக்கில் அதிகம் வருவது, பட்டாணியளவு, தீங்கற்றது. அதன் செல்களுக்குள் ரவையை நிரப்பியதுபோல மணிமணியாக இருக்கும். அவர் அதைத் தசையிலிருந்து வந்தது என்று எண்ணினார். நரம்பைப் போர்த்தும் செல்களிலிருந்து வருவது என்று பின்னாட்களில் தெளிவாயிற்று. இக்கட்டியின் விசித்திரம், அது தனக்கு மேலிருக்கும் தோற்பூச்சைக் கிளறிவிடுவது. அந்தப் பூச்சு ஆழ்ந்த வேர்களாகக் கீழே இறங்கி, செதிற்செல் புற்றுநோய் போலவே காட்சி தரும். பயாப்ஸி எடுப்பவர் மேலோடு கிள்ளி அனுப்பினால் மணிச்செல்கள் அதில் இருக்காது, புற்றுபோன்ற வேர்கள் மட்டும் இருக்கும். இன்னும் சில மில்லிமீட்டர் ஆழமாக எடுத்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். ஒரு மனிதரின் பாதி நாக்கு, கத்தி எவ்வளவு ஆழம் போனது என்பதைப் பொறுத்து நிற்கிறது.

இதைவிடக் கடுமையான வேடதாரி அண்ணத்தில் வரும். 1973இல் ஏப்ரம்ஸ், மெல்ரோஸ், ஹவல் ஆகிய மூவர் இதை முதன்முதலாக விவரித்தபோதே, புற்றுநோயைப் போலத் தோற்றம் காட்டும் நோய் என்றுதான் அறிமுகப்படுத்தினார்கள். மேலண்ணத்தில் உள்ள சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. மரத்துப்போகப் போடும் ஊசி, புகை, அடிபடுதல், அழுத்தும் பல்செட்டு என்று காரணங்கள் பலவாகலாம். சுரப்பி இறக்கிறது. எஞ்சிய குழாய்கள் பிழைத்துக்கொள்ளும் முயற்சியில் செதிற்செல் தீவுகளாக மாறுகின்றன. மேலே அண்ணம் பொத்து ஆழமான பள்ளமாகிறது. நுண்ணோக்கியில், ஆழத்தில் சிதறிய செதிற்செல் தீவுகள். பார்த்தவுடன் கை 'புற்று' என்று எழுதப் பரபரக்கும். ஆனால் இது ஆறிலிருந்து பத்து வாரங்களில் தானாகவே ஆறிவிடும். ஒரு மருந்தும் வேண்டாம்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒருவர் வந்தார். நாற்பத்தாறு வயது, விசைத்தறித் தொழிலாளி, பீடிப் பழக்கம் உள்ளவர். அண்ணத்தில் எட்டணாக் காசளவு பள்ளம். வேறோர் ஊரில் பயாப்ஸி பார்த்து, புற்றுநோய் என்று அறிக்கை கொடுத்திருந்தார்கள். மேல்தாடையின் ஒரு பக்கத்தை அகற்றத் தேதியும் குறித்தாகிவிட்டது. அறுவை மருத்துவர் மட்டும் ஏதோ உறுத்தலில், இன்னொரு கண் பார்க்கட்டும் என்று கண்ணாடிச் சில்லுகளை எனக்கு அனுப்பினார். அனுப்பிய படிவத்தில் 'அண்ணத்தில் புண்' என்ற இரண்டே சொற்கள்.

சில்லைப் பார்த்தேன். செதிற்செல் தீவுகள் ஆழம்வரை இருந்தன. ஆனால் அவை கண்டபடி சிதறியிருக்கவில்லை. செத்துப்போன சுரப்பியின் நுண்மடல்களின் வடிவத்துக்குள்ளேயே அடங்கியிருந்தன. இடிந்த வீட்டின் அஸ்திவாரக் கோடுகள் மழைக்குப் பின் தெரிவதுபோல அந்தப் பழைய வரம்புகள் தெரிந்தன. புற்றுநோய்க்கு இத்தகைய வரம்பு மரியாதை கிடையாது. செல்களின் உட்கருக்களும் அமைதியாக இருந்தன. அவரை வரச்சொல்லி, புண் எப்போது தொடங்கியது என்று கேட்டேன். கடைவாய்ப் பல் எடுக்க அண்ணத்தில் ஊசி போட்டார்கள், பத்து நாளில் வீங்கியது, பிறகு ஒருநாள் சாப்பிடும்போது ஒரு துண்டு கழன்று விழுந்தது என்றார். படிவத்தில் எழுதப்படாத அந்த மூன்று வரிகள்தான் முழு நோயும்.

அறுவை மருத்துவரிடம் பேசினேன். அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். "ஆறு வாரம் கொடுக்கிறேன். அதற்குமேல் என்னால் பொறுத்திருக்க முடியாது" என்றார். அது நியாயமான பேச்சு. நான் சொல்வது சரியில்லை என்றால் அந்த ஆறு வாரம் ஒரு மனிதரின் ஆயுளிலிருந்து போகும்.

அவருடைய மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் புற்றுநோய் என்ற சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. 'அது' என்பார்கள், 'அந்த நோவு' என்பார்கள்.

"ஏனுங்க டாக்டரம்மா, அப்ப இது அது இல்லீங்களா?"

"இல்லைங்க. அது மாதிரி வேஷம் கட்டியிருக்குது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வேஷம்னா விடிஞ்சாக் கலைச்சிருமுங்களா?"

"ஆறு வாரத்துல கலைக்கணுங்க. கலைக்கலைன்னா மறுபடி எடுத்துப் பாத்துருவோம்."

வாராவாரம் அவர்கள் வந்தார்கள். முதல் இரண்டு வாரம் பள்ளம் அப்படியே இருந்தது. மூன்றாம் வாரம் ஓரம் உள்வாங்கியதுபோல எனக்குப் பட்டது. நம்ப விரும்புகிறவளின் கண் அது என்று சந்தேகப்பட்டு அளவுகோல் வைத்துப் படமெடுத்தோம். நான்காம் வாரம் சந்தேகம் இல்லை. ஏழாம் வாரம் அண்ணம் மூடி, வெளிறிய ஒரு தழும்பு மட்டும் இருந்தது. தேதி குறித்திருந்த அறுவைக் கூடத்தில் அன்று வேறு யாருக்கோ சிகிச்சை நடந்திருக்கும். அவர் தறிக்குத் திரும்பினார். பீடியை விட்டாரா என்று தெரியாது, விடும்படி சொன்னேன்.

*

இக்கதையை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பாதி உண்மையாகிவிடும். பொறுத்திருப்பது எப்போதும் ஞானம் என்ற எண்ணம் வந்துவிடும். எதிர்க்கதை ஒன்று எங்கள் துறையின் வரலாற்றிலேயே இருக்கிறது. அதன் நாயகரும் விர்ஹோதான்.

1887இல் ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் ஃபிரெடரிக்கின் குரல் கம்மியது. குரல்வளையில் ஒரு வளர்ச்சி. ஜெர்மானிய மருத்துவர்கள் புற்றென்று ஐயுற்று அறுவைக்கு ஆயத்தமானார்கள். இங்கிலாந்திலிருந்து வரவழைக்கப்பட்ட மோரல் மெக்கன்சி, முதலில் திசுவைச் சோதிக்க வேண்டும் என்றார். சிறு துணுக்குகளை எடுத்து விர்ஹோவிடம் அனுப்பினார். அவற்றில் புற்றுநோய் இல்லை, தோற்பூச்சின் தடிப்புதான் என்று விர்ஹோ எழுதினார். தன் கைக்கு வந்த துணுக்குகளைக் கொண்டு முழு நோயையும் தீர்மானிக்க இயலாது என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே எழுதினார். அறுவை நின்றது. அந்த எச்சரிக்கை வரி மறக்கப்பட்டது. இலையுதிர்காலம் கழிவதற்குள் அது புற்று என்பது உறுதியாயிற்று. 1888 மார்ச்சில் ஃபிரெடரிக் பேரரசரானார்; அப்போது அவரால் பேச முடியாது, சீட்டில் எழுதித்தான் காட்டினார். தொண்ணூற்றொன்பது நாட்கள் ஆண்டு ஜூன் 15இல் இறந்தார். அவருக்குப் பின் இரண்டாம் வில்ஹெல்ம் அரியணையேறினார். தாராளப் போக்குடைய தந்தை நீடித்திருந்தால் ஐரோப்பா எப்படி இருந்திருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் கேட்டுக்கொள்கிறார்கள்.

விர்ஹோ கண்டது பொய்யல்ல. அவருக்குக் கொடுக்கப்பட்ட துணுக்கில் இருந்ததை அவர் சரியாகவே வாசித்தார். வாசிக்கக் கொடுக்கப்பட்ட பக்கத்தில் கதை இருக்கவில்லை, அவ்வளவுதான். அண்ணத்துப் புண்ணில் புற்றில்லாத இடத்தில் புற்று எழுதப்பட்டது. குரல்வளையில் புற்றிருந்த இடத்தில் இல்லை என்று வாசிக்கப்பட்டது. இரண்டிலும் குறைந்தது ஒன்றேதான்: திசுவைச் சுற்றியிருந்த கதை. எத்தனை நாள், எதற்குப் பின், எவ்வளவு ஆழத்திலிருந்து, மொத்தத்தில் எத்தனையில் ஒரு பங்கு. இலக்கிய வாசகர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாவலின் நடுப்பக்கத்தைக் கிழித்துக் கொடுத்து ஆசிரியர் யார், முடிவு என்ன என்று கேட்டால் நாம் என்ன சொல்வோமோ, அதே இக்கட்டுதான்.

*

இவ்வளவும் நடப்பது குப்பி எங்களிடம் வந்தால்தான். வராத குப்பிகளைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம்.

சாதாரணக் கட்டிதானே என்று வெட்டிய சதை குப்பைக்குப் போவதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். மருத்துவரைக் குறைசொல்வது எளிது. சோதனைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்றதும், ஒருநாள் கூலியைக் கணக்குப் பார்த்து, "தேவைதானுங்களா சார்?" என்று தயங்குகிற முகத்திடம் வற்புறுத்துவது எளிதன்று. பெரும்பாலும் அவருடைய தயக்கமே சரி என்றாகும். கன்னத்துத் திரட்சி கன்னத்துத் திரட்சியாகவே இருக்கும். ஆனால் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும் மொட்டுகளில் எதற்குள் இரத்தக்குழாய், எதற்குள் எலும்பு, எதற்குள் வேறிடத்திலிருந்து வந்து குடியேறிய புற்று என்பதை விரலால் தொட்டுச் சொல்லிவிட முடியாது. உடலின் வேறு உறுப்பில் ஒளிந்திருக்கும் புற்று முதன்முதலாக ஈறில் ஒரு சிவந்த மொட்டாகத் தலைகாட்டுவதும் உண்டு. அரிது, ஆனால் உண்டு.

அறிக்கைகளின் மொழியைப் பற்றியும் இப்போதெல்லாம் நிறைய யோசிக்கிறேன். மெட்டாப்ளேசியா என்று எழுதினால் அதைப் படிக்கிறவர் இன்று முதலில் செய்வது கைபேசியில் அந்தச் சொல்லைத் தேடுவது. மெட்டாப்ளேசியாவும் மெட்டாஸ்டேசிஸும் சில எழுத்துகளில் வேறுபடும் சொற்கள். முன்னது தொழில் மாற்றிய செல், பின்னது உடலெங்கும் பரவிய புற்று. ஓர் இரவு முழுக்க ஒரு குடும்பம் தூங்காமலிருக்க அந்த எழுத்துக் குழப்பம் போதும். ஆகவே எங்கள் அறிக்கையின் அடியில் தமிழில் இரண்டு வரி சேர்க்கத் தொடங்கினேன். 'கட்டியில் எலும்பு போன்ற மாற்றம் காணப்படுகிறது. இது புற்றுநோய் அன்று. மீண்டும் வீக்கம் தெரிந்தால் வந்து காட்டவும்.' துறையில் சிலர் இதை வழக்கமில்லாத வழக்கம் என்றார்கள். படிவத்தில் இடம் இருந்தது, எழுதினேன்.

அந்த மூன்றாவது வாக்கியத்தை எழுதும்போதெல்லாம் விர்ஹோவின் மறக்கப்பட்ட எச்சரிக்கை வரி நினைவுக்கு வரும். அது கடைசியில் நிற்பதனால் படிக்கப்படாமல் போகக்கூடாது என்பதற்காக, இப்போது அதை மட்டும் சற்றுப் பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லியிருக்கிறேன்.